சித்தப்பா செய்ததாகச் சொல்லப்படும் கப்பல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எதையும் லேசில் மறக்கிறவள் இல்லை. வயது போனால் மனம் கனிந்துவிடும் என்று என் வயதுக்காரர்கள் நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். உங்களுக்குக் கனிந்திருக்கலாம். எனக்கு முழங்கால்தான் தேய்ந்திருக்கிறது. பதினொரு வயதில் ஒரு மரக்கப்பலை என்னிடமிருந்து களவாடினார்கள். களவாடியவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை, என் வீட்டு மனிதர்கள். இவ்வளவு காலமும் இதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அது பிறகு வரும்.

அந்தக் காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாணுக்கு விடியவே பேக்கரி வாசலில் வரிசையில் நின்றோம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைக்கு வராது. பென்சிலைச் சீவினால் கூர் வருமுன் பாதி முறிந்துவிடும். நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையின் கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். வீட்டில் அப்பா, அம்மா, நான், பிறகு அப்பாவின் கடைசித் தம்பியான சித்தப்பா. எனக்கு உடன்பிறப்பு இல்லை. சித்தப்பாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. கோட்டையில், கப்பல்களுக்கு முகவராக இருந்த ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை.

ஆகஸ்ட் விடுமுறை தொடங்கிய கிழமை, சித்தப்பா பழுப்புக் கடதாசி சுற்றிய நீளப் பெட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் இன்ஜினியர் கடலில் பொழுது போக்குவதற்காக வாங்கி, பொறுமை இல்லாமல் இவரிடம் தள்ளிவிட்டாராம். மூடியில் மூன்று பாய்மரங்களோடு பழைய காலத்துக் கப்பலொன்றின் படம் இருந்தது. ஆவலோடு திறந்தால் உள்ளே கப்பல் இல்லை. கட்டுக் கட்டாக மெல்லிய மரக்கீற்றுகள், விலாவெலும்பு போல வெட்டிய பலகைத் துண்டுகள், ஒரு சின்னப் பையில் கடுகளவு பித்தளை ஆணிகள், துளை போட்ட மரமணிகள், நாலு தரத்தில் நூல் உருண்டைகள், பாய்க்கு வெள்ளைத் துணி. விரித்தால் சாப்பாட்டு மேசையையே மூடிவிடும் ஒரு படத்தாள். இதெல்லாம் சேர்ந்தால்தான் கப்பல் என்று சித்தப்பா சொன்னபோது எனக்கு அழுகை வந்தது.

விளக்கப் புத்தகமும் இருந்தது. எழுத்து இங்கிலீஷ் எழுத்து, சொல் இங்கிலீஷ் இல்லை. எந்த நாட்டு மொழி என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. ஆகவே நாங்கள் படத்தையும் இலக்கத்தையும் மட்டும் நம்பித் தொடங்கினோம். சித்தப்பாவுக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு பெரிய மனிதரும் நானும் ஒரே அளவு முட்டாள்களாக ஒரு மேசையில் உட்கார்ந்தது அந்த ஒருமுறைதான். அந்தச் சந்தோசத்தை இன்றைக்கும் நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதல் நாளே சித்தப்பா ஒரு சட்டம் போட்டார்.

"இது என்ர கப்பலும் இல்லை, உன்ர கப்பலும் இல்லை. எங்கட கப்பல். ஒருத்தர் இல்லாம மற்றவர் தொடக்கூடாது, சரியோ?"

நான் அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவரும் என் கையில் அடித்துச் செய்தார்.

சித்தப்பா வேலை முடிந்து ஐந்து மணி ரயிலில் வருவார். தேத்தண்ணி குடித்துவிட்டு உட்காருவோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் முழுநாளும். நடுப்பலகையில் விலாக்களைப் பொருத்துவது ஒரு கிழமையில் முடிந்தது. வில்லங்கம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கப்பலின் வயிறு வளைந்தது, கீற்றோ நேரானது. வளைத்தால் முறிந்தது. மூன்று கீற்று முறிந்த பிறகு, படத்தாளில் ஒரு கேத்திலிலிருந்து ஆவி வருவதுபோல வரைந்திருப்பதை நான் கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டில் ஆவி வருவது புட்டுப் பானையில். அன்று முதல் அம்மா புட்டு அவிக்கும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் கீற்றுகளோடு அடுப்படியில் நிற்போம். குழலை இறக்கியதும் பானை வாயில் கீற்றைப் பிடித்தால் அது பத்து நிமிடத்தில் சொன்னபடி வளையும். புட்டில் மர மணம் வருகிறது என்று அப்பா முறைப்பட்டார். கப்பலில் தேங்காய்ப்பூ மணம் வந்ததை ஒருவரும் முறைப்படவில்லை.

வளைத்த கீற்றை ஒட்டினால் அது காயும்வரை பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். வீட்டிலிருந்த உடுப்புக் கிளிப் முழுவதையும் கப்பலில் குத்தினோம். அப்பாவின் கந்தோர்ச் சேட்டு ஒன்று கொடியிலிருந்து பறந்து ரயில் பாதையில் விழுந்து, மருதானைக்குப் போகிற ரயில் அதன்மேல் ஏறிவிட்டது. அம்மா இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை. ரயிலாலும் எங்களுக்குக் கரைச்சல்தான். அது போகும்போது மேசை அதிரும், ஆணி உருளும். ஆகவே தூரத்தில் ஊதல் கேட்டதும் சித்தப்பா, "கை எடு" என்பார். இரண்டு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு ரயில் போய் முடியும்வரை சும்மா இருப்போம். ரயில் நேரசூசி எங்களுக்குப் பாடமாகிவிட்டது.

பெட்டியோடு வந்த பசை வழியிலேயே இறுகிப் போயிருந்தது. தச்சுப் பட்டறையிலிருந்து சித்தப்பா ஒரு டின்னில் வச்சிரம் வாங்கி வந்தார். மாட்டெலும்பில் காய்ச்சுகிற பசை. எங்கள் வீடு சைவம். அந்த டின்னை வீட்டுக்குள் எடுக்கவே கூடாது என்று அம்மா நின்றார். கிணற்றடியில் மூன்று கல் வைத்து அதைச் சூடாக்கி, ஒட்டிக் காய்ந்த பிறகுதான் கப்பலை உள்ளே கொண்டு வரலாம் என்று முடிவானது. அந்த நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு கப்பலை வெளியேயும் உள்ளேயும் தூக்கித் திரிந்தவள் நான். வயிற்றோடு அணைத்துத்தான் தூக்குவேன். அதன் பாரம் ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது எனக்குத் தெரியும்.

செப்டெம்பரில் பாய்மரம் நட்டோம். பிறகு கயிறுகள். பாய்மரத்தின் இரண்டு பக்கமும் கப்பலோட்டிகள் ஏறுவதற்கு நூலேணி கட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஏழெட்டு முடிச்சு, மொத்தம் ஆறு ஏணி. சித்தப்பாவின் விரல்கள் தடித்தவை, சிகரட்டினால் லேசாக நடுங்கும். முதல் படியிலேயே நூல் சிக்கெடுத்து அவர் கெட்ட வார்த்தை சொன்னார். நான் ஊசியை வாங்கிக் கட்டினேன். நூல் தொய்ந்து தொய்ந்து விழுந்தது. அம்மா சேட்டுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்திருந்த எனக்கு ஒரு யோசனை வந்தது. நூலைச் சோற்றுக் கஞ்சியில் தோய்த்து வெயிலில் இழுத்துக் கட்டிக் காயவிட்டேன். கம்பிபோல நின்றது. "உனக்கு மூளை இருக்கு" என்றார் சித்தப்பா. ஆறு ஏணியையும் நான்தான் கட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆணிப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் இடக்கை விரல் நுனி முழுக்க ஊசிப் பொட்டுகள்.

இடையில் எனக்கு ஐந்து நாள் காய்ச்சல் வந்தது. நான் பாயில் கிடந்து மேசையைப் பார்த்தபடியே இருந்தேன். சித்தப்பா அந்த ஐந்து நாளும் கப்பலைத் தொடவில்லை. ஒரு நாள் அப்பா அதை நகர்த்தப் போனபோதுகூட, பிள்ளை எழும்பட்டும் என்று தடுத்தார். அதற்குப் பிறகு சித்தப்பா சொன்னால் அது சொன்னதுதான் என்று நான் நம்பினேன். நம்பியதில் பிழை என்ன என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மிஞ்சியது பெயர் மட்டும். கப்பலின் பின்பக்கத்தில் பெயர் எழுத ஒரு சின்னப் பலகை இருந்தது. பெயரை நான்தான் வைப்பது, விஜயதசமி அன்று எழுதுவது என்று பேச்சு. நான் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தேன். அதை அப்போதும் ஒருவருக்கும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை.

அந்த நாட்களில் வீட்டில் வேறொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் அடுப்படியில் குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள், நான் போனால் பேச்சு மாறும். கொட்டாஞ்சேனையில் ஒரு பெண். பெண்ணின் தகப்பன், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி மரக்கறி முதல் கயிறுவரை கொடுக்கிற வியாபாரி. நல்ல இடம். ஆனால் தகப்பன் தரகரிடம், மாப்பிள்ளை கந்தோரில் பேனை பிடிக்கிறதைத் தவிர வேறு என்ன கைத்தொழில் தெரிந்தவர் என்று கேட்டாராம். இவ்வளவுதான் எனக்குக் காதில் விழுந்தது. அதற்கும் எங்கள் மேசைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நவராத்திரி வந்தது. கடைசி மூன்று நாளும் சரஸ்வதிக்கு. புத்தகம், பேனை, தொழில் சாமான் எல்லாவற்றையும் கும்பத்துக்கு முன்னால் அடுக்கி வெள்ளைத் துணியால் மூடினால், விஜயதசமிக் காலைவரை ஒருவரும் தொடக்கூடாது. திறந்தும் பார்க்கக்கூடாது. தொட்டால் படிப்பு வராது. கப்பலையும் வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். எலும்புப் பசை போட்ட சாமானை அம்பாளுக்கு முன்னால் வைப்பதா என்று அம்மா மறுத்தார். வழி சொன்னவர் சித்தப்பா. கப்பலைப் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் வைத்து, பெட்டியைத் துணியால் சுற்றிக் கட்டினால் தோசம் இல்லை என்றார். அம்மா உடனே சரி என்றார். அம்மா எதற்கும் உடனே சரி என்கிற ஆள் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் குளிக்கப் போய் வருவதற்குள் சித்தப்பா பெட்டியைக் கட்டி வைத்திருந்தார்.

மூன்று நாள் அந்தப் பெட்டிக்கு நான் பூ வைத்தேன். அம்மா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார். சகலகலாவல்லிமாலையை ஒரு வரி விடாமல் படித்தேன். கப்பலின் பெயரை மனத்துக்குள் அம்பாளுக்கு மட்டும் சொன்னேன். இரண்டாம் நாள் பின்னேரம் சித்தப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு, அப்பாவோடு எங்கேயோ வாடகைக் காரில் போனார்.

விஜயதசமி காலை குளித்து, புத்தகங்களை எடுத்து ஒரு பக்கம் படித்துவிட்டு, பெட்டியை மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே இரண்டு டெலிபோன் டிரெக்டரி. எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. அவை சித்தப்பாவின் கந்தோரிலிருந்து வந்தவை. நான் தூக்கிப் பார்த்தாலும் பாரம் குறைந்தது தெரியாமல் இருக்க வைத்தவை. அவற்றைச் சுற்றியிருந்தது அம்மாவின் பழைய நீலப் பூச்சேலைத் துண்டு. அம்மாவின் அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பு எப்போதும் அம்மாவின் இடுப்பில்தான் இருக்கும்.

கப்பலைக் காணவில்லை என்பது விளங்குவதற்கு முன்னால், அம்மாவுக்குத் தெரியும் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

நான் கத்தினேன் போலிருக்கிறது. அம்மா வந்து வாயைப் பொத்தினார்.

"சாமியறையில நிண்டு கத்தாத. அது சித்தப்பான்ர கலியாண விசயம். உனக்கு அவர் வேற ஒண்டு கொண்டு வந்து தருவார்."

அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார், கீழே இறக்கவில்லை. சித்தப்பா மத்தியானம் வந்து, நீ கெட்டிக்காரி, அடுத்த கப்பல் இதைவிடப் பெரிசு என்றார். அந்த இன்ஜினியரின் கப்பல் பிறகு கொழும்புக்கு வரவே இல்லை. விஜயதசமியில் அவரவர் தொழிலைக் கொஞ்சமாவது செய்ய வேண்டும் என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நான் ஊசியை எடுத்து அம்மாவின் சேலைத் துண்டில் வெறுமனே குத்திக்கொண்டிருந்தேன்.

அம்மா கெட்டவர் இல்லை. இந்த வயதில் பார்த்தால் அவருடைய நியாயம் விளங்குகிறது. ஒரு பக்கம் மைத்துனரின் வாழ்க்கை, மற்றப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான். பெண்பிள்ளை, ஒரு கிழமை அழுவாள், பிறகு மறப்பாள். கப்பல் சித்தப்பாவுடையது, நான் கூடமாட நின்று விளையாடியவள் என்றுதான் வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேரும் உண்மையாகவே நினைத்திருந்தார்கள். ஆனால் விளையாட்டுச் சாமான் என்றால் கேட்டு எடுத்திருக்கலாமே? டெலிபோன் டிரெக்டரி எதற்கு? பிள்ளை மூன்று நாள் கும்பிட்ட பெட்டிக்கு, வெறும் பெட்டி என்று தெரிந்துகொண்டே சந்தனம் வைத்த கையை நான் என்ன செய்வது?

இரண்டு கிழமை கழித்துப் பெண் பார்க்க எல்லோரும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். என்னை வீட்டில் விட முடியாது, பார்க்க ஆள் இல்லை. பஸ்ஸில் அம்மா என் தொடையில் கைவைத்தபடியே வந்தார். கப்பலைப் பற்றி நான் வாய் திறந்தால் கலியாணம் குழம்பும், குழம்பினால் சித்தப்பா எங்காவது போய் விழுவார் என்றார். விழுவார் என்றால் கடலில்.

பழைய பெரிய வீடு. கோயில் மணியும் துறைமுகச் சங்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. விறாந்தையில் கயிற்றுச் சுருள்களின் தார் மணம். உள்ளே கூடத்தில், கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில், என் கப்பல். பின்பலகையில் பொன்னிற மையில் பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. அந்த மை காய இரண்டு நாளாவது வேண்டும், கப்பல் வீட்டைவிட்டுப் போனதோ பூசையின் இரண்டாம் நாள். பூசைக்கு வைக்க முதலே நான் பார்க்காத நேரத்தில் எழுதிவிட்டார் என்பதைக் கணக்குப் போட எனக்குப் பல வருடம் எடுத்தது.

பெண்ணின் தகப்பன் கப்பலைப் புகழ்ந்தார். சித்தப்பா எல்லாம் சொன்னார். புட்டுப் பானையின் ஆவியைச் சொன்னார், நூலுக்குக் கஞ்சி போட்ட யோசனை தன் மனத்தில் எப்படி உதித்தது என்றும் சொன்னார். சிரிப்பும் தேத்தண்ணியுமாகக் கூடம் கலகலத்தது. அப்போதுதான் பெண் வந்து அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றார். தையல் தெரிந்தவர், வாசல் திரைச்சீலையின் பூவேலை எல்லாம் அவர் கைவேலை என்று தகப்பன் சொன்னார். பெண் நூலேணியைக் குனிந்து பார்த்துவிட்டு, முடிச்சை மேலிருந்து போட்டீர்களா, கீழிருந்தா என்று சித்தப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். சித்தப்பா மேலிருந்து என்றார். பிறகு, இல்லை, நடுவிலிருந்து என்றார். இரண்டும் பிழை. கீழிருந்துதான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஏணி ஒரு பக்கம் இழுக்கும்.

கொஞ்ச நேரத்தில் பெண் கேக் தட்டோடு என் பக்கம் வந்து, நான் இருந்த கதிரைக்கு முன்னால் குந்தினார்.

"தங்கச்சி, அந்தக் கப்பலில நீயும் வேலை செய்தனீயோ?"

அம்மா என் பின்னால் நின்றார். முதுகில், சட்டைக்கு மேலால், அம்மாவின் இரண்டு விரல்கள் சதையைப் பிடித்துத் திருகின.

"இல்லை அக்கா" என்றேன். "சித்தப்பா தனியத்தான் செய்தவர்."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேக்கில் பெரிய துண்டாக எடுத்துத் தந்தார். தை மாதம் கலியாணம் நடந்தது, சித்தப்பா மாமனார் வீட்டோடு போனார். பெண் எனக்குச் சித்தியானார்.

அதற்குப் பிறகு அந்தக் கப்பலை எத்தனை தரம் பார்த்திருப்பேன்! ஒவ்வொரு தீபாவளிக்கும், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்தக் கூடத்தில்தான் இருத்துவார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் சித்தப்பா கதை சொல்லுவார். வருடத்துக்கு வருடம் கதை வளர்ந்தது, ஒரு கட்டத்தில் வரைபடமும் அவரே கீறியதாகிவிட்டது. நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எங்கள் வெள்ளவத்தை வீடு எரிந்தது. சாப்பாட்டு மேசை, அலுமாரி, அப்பாவின் புத்தகங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. கொட்டாஞ்சேனை வீடு எப்படியோ தப்பியது. அகதி முகாமில் பாயில் உட்கார்ந்திருந்தபோது அம்மா என்னிடம், பார்த்தாயா, கப்பல் எங்களிடம் இருந்திருந்தால் அதுவும் எரிந்திருக்கும் என்றார். எல்லாம் இழந்து இருக்கும் மனுசிக்கு அந்த நேரத்திலும் அதைச் சொல்லத் தோன்றியது. அப்போதுதான் அம்மாவும் மறக்கவில்லை என்று தெரிந்தது.

சித்தப்பா எதையும் முடித்த மனிதர் இல்லை. மாமனாரின் வியாபாரத்தை எடுத்து நடத்துகிறேன் என்று கந்தோர் வேலையை விட்டார். மூன்றாம் வருடம் கடை மூடியது. கூரையைத் திருத்துகிறேன் என்று ஓட்டைப் பிரித்துவிட்டு, இரண்டு மாரிக்குத் தார்ப்பாயின் கீழே குடும்பத்தை வைத்திருந்தார். சித்திதான் ஊராருக்குச் சட்டை தைத்து மகனைப் படிப்பித்தார். இதெல்லாம் நடந்தும் நான் வாய் திறக்காததற்கு ஒரே காரணம் சித்தி என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். அந்தக் கப்பலாவது உண்மை என்று அவர் நம்பிக்கொண்டிருக்கட்டும், அதையும் நான் ஏன் பறிக்க வேண்டும்? இந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடித்திருந்தது. ஏமாற்றப்பட்டவள் நான், ஆனாலும் பாருங்கள், இன்னொருத்திக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு பெருமை.

போன மாதம் சித்தப்பா காலமானார். சித்தியின் மகன் கனடாவிலிருந்து வந்து, முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறோம், நீங்கள் படிப்பித்தவர், இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டான். அட்டைப்படமே அப்பா செய்த கப்பல்தான், அதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்றான். அன்றிரவு நான் முடிவெடுத்தேன். இனி எழுதத்தான் போகிறேன். ஆனால் அச்சில் வருமுன் சித்தியிடம் நேரில் சொல்லிவிட வேண்டும், அதுதான் மரியாதை.

மறுநாள் மத்தியானம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மகன் வெளியே போயிருந்தான். சித்தி சாய்மனைக் கதிரையில் இருந்தார். எழுபத்தெட்டு வயது, கண் மட்டும் நல்ல தெளிவு. நான் சுற்றி வளைக்கவில்லை. அந்தக் கப்பல் சித்தப்பா தனியச் செய்ததில்லை, நூலேணி ஆறும் என் வேலை என்று சொன்னேன். பெட்டியையும் டிரெக்டரியையும் சொன்னேன். சொல்லும்போது, இவர் அழுதால் என்ன செய்வது என்றும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்" என்றார் சித்தி.

எப்போது என்று கேட்டேன். கலியாணம் முடிந்து இரண்டாம் மாதம் ஒரு நூல் அறுந்ததாம். கட்டித் தாருங்கள் என்று சித்தப்பாவிடம் கொடுத்தாராம். மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணனுடைய மகள் வந்தால் கட்டுவாள் என்று அவரே சொல்லிவிட்டாராம். பிறகு சித்திதான் அந்த நூலைக் கட்டினாராம்.

ஐம்பது வருடத்துக்கு மேல் இந்தக் கூடத்தில் எதிரும் புதிருமாக இருந்திருக்கிறோம். தெரிந்துகொண்டே அந்தக் கதைகளைக் கேட்டுச் சிரித்து, தெரிந்துகொண்டே எனக்குப் பலகாரம் தந்திருக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், இவருக்கு மட்டும் தெரியாது என்று நினைத்திருந்தேன். கடைசியில் இவரும் அவர்களில் ஒருத்தியா? நான் சத்தமாகவே கேட்டேன்.

"அப்ப ஏன் சித்தி ஒரு வார்த்தை எனக்குச் சொல்லேல்லை? உங்களுக்காகத்தானே நான் இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டு இருந்தனான்."

"எனக்காகவோ?" என்றார் சித்தி. கோபம் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

சித்தி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்கள் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு, என்ர அப்பா என்னட்ட சொன்னவர், உனக்குப் பிடிச்சால்தான் நான் ஓம் எண்டு சொல்லுவன், யோசிச்சு பின்னேரம் சொல்லு எண்டு. அந்தக் காலத்தில எந்தத் தகப்பன் அப்படிச் சொன்னது? நான் முடிச்சைப் பற்றிக் கேட்டன். அவருக்குச் சொல்லத் தெரியேல்லை. இந்த மனிசன் இதில பொய் சொன்னால் எல்லாத்திலயும் பொய் சொல்லும் எண்டு எனக்குப் பட்டுது. ஆனா நிச்சயமாத் தெரியேல்லை. அந்தச் சபையில பெரியாக்கள் ஒருத்தரும் எனக்கு உண்மை சொல்ல மாட்டினம். அதுதான் உன்னட்ட வந்து கேட்டனான்."

அம்மா பின்னால் நின்று கிள்ளினார், எனக்குப் பதினொரு வயது என்று சொல்ல வாயெடுத்தேன். அறுபத்தாறு வயதுக்காரியின் வாயில் அது எப்படியிருக்கும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

"நீ என்ர முகத்தைப் பாத்து இல்லை எண்டாய்" என்றார் சித்தி. "சின்னப் பிள்ளை பொய் சொல்லாது, நான்தான் ஒரு நல்ல மனிசனைத் தேவையில்லாமல் சந்தேகப்பட்டிட்டன் எண்டு நினைச்சு, அண்டு பின்னேரமே அப்பாட்ட ஓம் எண்டு சொன்னனான்."

வெளியே லொறியொன்று பின்னுக்கு எடுக்கிற சத்தம் கேட்டது. நான் சித்தியின் கையைப் பிடித்தேன். வாழ்நாள் முழுக்கத் தைத்த கை, விரல் நுனிகள் கல்லாகியிருந்தன.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, சித்தி" என்றேன்.

பரவாயில்லை என்று சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சித்தி சொல்லவில்லை.